ஏப்ரலில் ரோமா, பொலோன்யாவா, லிஸ்பனா? சாப்பிடவென்றே கிளம்பும் ஒரு குடும்பத்தின் கணக்கு

2027 ஏப்ரல் கடைசியில் ஐரோப்பா போவதென்று எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. பத்து இரவுகள், ஒரே ஊரில் தங்கல். பார்த்தே தீர வேண்டிய கட்டடங்களின் பட்டியல் யாரிடமும் இல்லை, சாப்பிடத்தான் போகிறோம். ஆனால் எந்த ஊர் என்பதில் மூன்று மாதமாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இத்தாலியின் ரோம், பொலோன்யா, போர்ச்சுகலின் லிஸ்பன், வட ஸ்பெயினின் சான் செபஸ்தியான் என்று நான்கு பெயர்கள். வேலை காரணமாக நான்கு ஊர்களுக்கும் தனியாகப் போயிருக்கிறேன். தனியாகப் போய்ச் சாப்பிடுவது வேறு, ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போவது வேறு என்பது இந்த மூன்று மாதத்தில்தான் எனக்கு முழுசாக உறைத்தது.

அந்த ஐந்து பேர் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. என் கணவர் எதையும் சாப்பிடுவார், குடல் கறி என்றால் தனி உற்சாகம். மகளுக்கு 13 வயது, மாவு பிசைவதிலும் உருட்டுவதிலும் அப்படி ஒரு ஆர்வம். மகனுக்கு 7 வயது, தட்டில் புதிதாக எது வந்தாலும் தொடுவதற்கு அரைமணி நேரம் எடுத்துக்கொள்வான். அத்தை, அதாவது என் மாமியார், 68 வயது, சுத்த சைவம், முட்டையும் கிடையாது, முழங்கால் வலி வேறு. அப்புறம் நான்.

இரண்டு வருடம் முன்பு வியட்நாம் போனோம். நாங்கள் நால்வரும் ஆசை ஆசையாகச் சாப்பிட்டோம். அத்தை எட்டு நாளும் பழமும், கையில் கொண்டுபோன தேங்குழலும், பருப்புப் பொடியும்தான். ஊர்மேல் தப்பில்லை. ‘சாய்’ என்று பலகை போட்ட சைவக் கடைகள் அங்கே நிறைய உண்டு, நாங்கள்தான் விசாரிக்காமல் போனோம். “எனக்கென்னம்மா, நீங்க சாப்பிடறதைப் பார்த்தாலே போதும்” என்று அத்தை சொன்னார். அது போதவே இல்லை. நால்வர் சாப்பிட ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் மேசை எனக்கு வேண்டாம். அதனால் இந்தமுறை நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். குடும்பத்திலேயே மிகக் குறைவான பண்டங்களைச் சாப்பிடக்கூடியவர் எவரோ, அவருக்கு அந்த ஊர், அந்த மாதத்தில், தன்னுடைய சொந்தச் சாப்பாட்டைப் பரிமாற வேண்டும். சைவம் என்று கேட்டதும் ஒதுக்கித் தரும் சாலட்டை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த ஊர்க்காரர்களே அந்தப் பருவத்துக்காகக் காத்திருந்து சாப்பிடும் பண்டம் அவர் தட்டுக்கும் வர வேண்டும்.

ஏப்ரலைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதுவே காரணம். தென் ஐரோப்பாவில் இளவேனில் என்பது காய்கறிகளின் காலம். குளிர் முடிந்ததும் ஆர்ட்டிசோக் என்னும் பூமொக்குக் காய், பச்சைப் பட்டாணி, ஃபாவா என்னும் பெரிய அவரை, ஆஸ்பராகஸ் எல்லாம் சில வாரங்களுக்குள் ஒன்றாகச் சந்தைக்கு வந்து, வெயில் ஏறியதும் போய்விடும். சித்திரையில் நமக்கு வேப்பம்பூவும் மாங்காயும் வருவது மாதிரி. ஜூலையில் போனால் தக்காளியும் கத்திரிக்காயும் கிடைக்கும், அவை நம் ஊரிலேயே இருக்கின்றன. ஆஸ்பராகஸ் நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவுச் செடி என்று சொன்னதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சான் செபஸ்தியானை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை விட்டுக்கொடுக்கத்தான் எனக்கு மனசு வரவில்லை. பழைய நகரத்தின் மதுக்கடைகளில், ரொட்டித் துண்டின்மேல் ஒரு வாய்க்கு ஏற்றபடி அடுக்கிவைக்கும் பிஞ்சோக்கள். ஒரு கடையில் ஒன்று, அடுத்த கடையில் இன்னொன்று என்று நடந்துகொண்டே சாப்பிட வேண்டும். வசந்தத்தில் கெதாரியா பக்கமிருந்து வரும் கண்ணீர்த்துளிப் பட்டாணியை அங்கே ஒருமுறை சாப்பிட்டேன். பல்லில் பட்டதும் வெடித்து இனிக்கும், அதன் விலை கிட்டத்தட்ட கடலுணவு விலை. ஆனால் பிஞ்சோ பெரும்பாலும் நெத்திலி, ஹாம், நண்டு, இறால். சைவம் என்று மிஞ்சுவது உருளைக்கிழங்கு ஆம்லெட், அதில் முட்டை. உட்கார இடமில்லாமல் நின்றபடியே சாப்பிடுவது அத்தையின் முழங்காலுக்கு ஆகாது. ஏப்ரலில் மழையும் அதிகம். இராச்சாப்பாடு எட்டரை, ஒன்பதுக்குமுன் சூடுபிடிக்காது. கணவரும் நானும் மட்டும் போகும் ஒரு வருடத்துக்கு அதை எடுத்துவைத்துவிட்டேன்.

கணவர் நடுவில் பாரிஸையும் சொன்னார். அங்கே லா ஷப்பெல் பகுதியில் ஈழத்தமிழர்களின் கடைகள் தெருவை நிறைத்திருக்கின்றன, அம்மாவுக்கு இட்லி, தோசை கிடைக்கும், பக்கத்திலேயே பிள்ளையார் கோயிலும் உண்டு என்றார். எல்லாம் உண்மைதான். அத்தைதான் மறுத்தார். “இட்லிக்கு எதுக்குப்பா விமானம் ஏறணும்?” என்று கேட்டுவிட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சரி, மிஞ்சியவை மூன்று.

மகளின் வாக்கு பொலோன்யாவுக்கு. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கையால் மாவு உருட்டுவதை இந்த அளவுக்குக் கொண்டாடும் ஊர் இத்தாலியிலேயே குறைவு. ஒரு மீட்டர் நீளம் வரும் மரக்கட்டையால் மாவை மேசையளவுக்கு, அடியில் வைத்த கையின் நிழல் தெரியும்படி இழுத்து உருட்டும் பெண்களை ‘ஸ்ஃபோலினா’ என்கிறார்கள். நம் சப்பாத்திக் கட்டையை மூன்று மடங்காக்கி நினைத்துக்கொள்ளுங்கள். அந்த விரிப்பை மடித்து, சீவி, தல்யதெல்லே என்னும் நாடா பாஸ்தா ஆக்குவார்கள். வெந்தபின் அதன் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972-ல் ஊர் வணிகச் சபையில் தங்கத்தில் ஒரு மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். ஊர் நடுவில் நிற்கும் 97 மீட்டர் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தை 12,270-ஆல் வகுத்தால் அந்த அகலம் வரும் என்பது அவர்கள் கணக்கு. டோர்டெலினி என்னும் குட்டிக் கொழுக்கட்டை மாதிரியான பாஸ்தாவின் பூரணத்துக்கும், ரகூ என்னும் இறைச்சிக் குழம்புக்கும் இதே மாதிரி பதிவுகள் உண்டு. ஒரு ஊர் தன் சாப்பாட்டை இத்தனை அக்கறையோடு காப்பாற்றுவதைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

நடப்பதற்கும் பொலோன்யாவை மிஞ்ச முடியாது. ஊர் பெரும்பாலும் சமதரை. பழைய நகரத்துக்குள் மட்டும் சுமார் 38 கிலோமீட்டருக்கு வீடுகளின் முன்னால் தூண் வைத்த தாழ்வாரங்கள் ஓடுகின்றன. 2021-ல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் குடை இல்லாமல் சந்தைக்குப் போய் வரலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல ஊர் நான் பார்த்ததில்லை.

ஆனால் மாவுக்குள்ளேயே சிக்கல் இருக்கிறது. பொலோன்யாவின் மாவில் தண்ணீர் கிடையாது. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, அவ்வளவுதான். டோர்டெலினிக்குள் பன்றி இறைச்சி, ஹாம், மொர்த்தடெல்லா என்னும் தொத்திறைச்சி, அது மிதப்பது இறைச்சி ரசத்தில். சைவத்துக்கென்று கேட்டால் ரிக்கோட்டா என்னும் மெத்தென்ற சீஸ் அடைத்த பெரிய டோர்டெலோனியை, வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தருவார்கள், அற்புதமாக இருக்கும். அதிலும் முட்டை மாவுதான். பொரித்த கிரெஷெந்தீனா ரொட்டியில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதே வழக்கம். இந்த ஊருக்கு ‘கொழுத்தவள்’ என்று பட்டப்பெயர் உண்டு, அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள். முட்டையும் இறைச்சியும் சாப்பிடுகிற குடும்பமாக இருந்தால், மேற்கொண்டு படிக்காமல் பொலோன்யாவுக்கே டிக்கெட் போடலாம். மொதேனாவும் பார்மாவும் ஒரு மணி நேர ரயிலுக்குள் இருக்கின்றன. காலையில் ஒரு பாலகத்துக்குப் போனால் தாமிர அண்டாக்களில் பார்மிஜானோ சீஸ் உருவாவதைப் பார்க்கலாம். சக்கர வடிவில் வரும் ஒரு சீஸுக்குச் சுமார் 550 லிட்டர் பால், குறைந்தது 12 மாத முதிர்ச்சி. மொதேனாவின் வீட்டுப் பரண்களில் திராட்சைச் சாற்றைக் காய்ச்சி, பீப்பாய் மாற்றி மாற்றி 12 வருடமாவது வைத்திருந்து எடுக்கும் பால்சமிக் காடியை ஒரு கரண்டியில் துளி விட்டுத் தருவார்கள். அது சைவம். அத்தைக்குப் புளிக்காய்ச்சல் நினைவு வந்திருக்கும்.

சீஸைச் சொன்னதால் ஒரு விஷயத்தை இங்கேயே பேச வேண்டும். இத்தாலிக்குக் கிளம்பும் சைவக்காரர்கள் பலர் இதை ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். பார்மிஜானோவுக்குப் பாலை உறையவைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். ரோமின் பெக்கொரினோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னெட். இவை அந்தச் சீஸ்களின் விதியிலேயே எழுதியிருப்பவை, மாற்றித்தரச் சொல்லிக் கேட்க முடியாது. அந்தச் சீஸ் எடுத்தபின் மிஞ்சும் ஊறலைக் காய்ச்சி எடுப்பதுதான் ரிக்கோட்டா. நம் ஊரில் பச்சைப் புள்ளி போட்டு விற்கும் சீஸ் வேறு மாதிரி உறையவைத்தது. இதை அத்தையிடம் மறைத்துக் கூட்டிப்போவது சரியில்லை என்று பட்டது, சொன்னேன். “தெரிஞ்சப்புறம் எப்படிம்மா சாப்பிடறது” என்றார். ஆக, இத்தாலியில் அத்தைக்குச் சீஸும் கிடையாது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதைப் பொருட்படுத்தாதவர்களாக இருக்கலாம், அப்போது கணக்கு எளிதாகிவிடும். ஆனால் முடிவு அவர்களுடையதாக இருக்கட்டும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இந்த ஒரு இடத்தில் லிஸ்பன் எல்லோரையும் முந்துகிறது. லிஸ்பனுக்குத் தெற்கே அசெய்தாவோ என்ற ஊரின் ஆட்டுப்பால் சீஸையும், செர்ரா த எஸ்த்ரெலா மலையின் சீஸையும் உறையவைப்பது ஒரு முள்செடியின் பூ. ஊதா நிறப் பூவின் இழைகளை உலர்த்தி, தண்ணீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றைப் பாலில் விடுகிறார்கள். மேல்தோலை வட்டமாக வெட்டித் திறந்து, உள்ளே கெட்டித் தயிர்போல் இருப்பதைக் கரண்டியால் எடுத்து ரொட்டியில் தடவிச் சாப்பிட வேண்டும். லேசான கசப்பு, உப்பு, ஆட்டுப்பாலின் மணம். ஆர்ட்டிசோக்கும் அந்த முள்செடியும் ஒரே இனம். ரோமில் மொக்காக இருக்கும்போதே பறித்துச் சமைக்கிறார்கள், போர்ச்சுகலில் பூக்கவிட்டுப் பாலுக்கு உறை ஊற்றுகிறார்கள். போர்ச்சுகலின் எல்லாச் சீஸும் இப்படி இல்லை, இந்த இரண்டு பெயர்களையும் கேட்டு வாங்க வேண்டும்.

லிஸ்பன் எனக்கு நெருக்கமான ஊர் என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. தெருவில் நடக்கும்போது தமிழ் காதில் விழும். ஜனெலா என்றால் ஜன்னல், ஷாவ் என்றால் சாவி, அர்மாரியு என்றால் அலமாரி, அனனாஸ் என்றால் அன்னாசி. எல்லாம் அங்கிருந்து கப்பலேறி நம் வீட்டுக்குள் வந்த சொற்கள். கோழிக்கோட்டில் 1498-ல் இறங்கிய வாஸ்கோ ட காமாவின் கல்லறை பெலெங் பகுதியின் ஜெரோனிமோஸ் மடாலயத்தில் இருக்கிறது. அதிலிருந்து சில நிமிட நடையில், 1837 முதல் பெலெங் பாஸ்டல் விற்கும் கடை. சூடாக வரும் அந்த முட்டைக் கஸ்டர்ட் கிண்ணத்தின்மேல் இலவங்கப்பட்டைத் தூள் தூவிச் சாப்பிட வேண்டும். போர்ச்சுகீசியர் இலங்கையில் போய் நின்றதே அந்தப் பட்டைக்காகத்தான். பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல சரித்திரப் பாடம் கிடைக்காது.

மீன் சாப்பிடும் குடும்பத்துக்கு லிஸ்பனைக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். கரியில் சுட்ட மீன், கணவாய், ஆக்டோபஸ். பக்கல்யாவ் என்கிற உப்புக்கண்டம் போட்ட காட் மீனை ஒரு நாளுக்கு மேல் ஊறவைத்து, தண்ணீர் மாற்றி மாற்றி உப்பை இறக்கிச் சமைப்பார்கள். கருவாட்டை அறிந்தவர்களுக்கு அதன் அருமை உடனே புரியும். மே பிறந்ததும் சிறு நத்தைகள் வந்துவிட்டதாகக் கடை வாசல்களில் எழுதி ஒட்டுவார்கள். சுட்ட மத்திக்கு மட்டும் ஜூன்வரை பொறுக்க வேண்டும். ஆனால் வசந்தத்தின் காய்களைக்கூட அவர்கள் இறைச்சியோடுதான் சேர்த்துச் சமைக்கிறார்கள். ஃபாவாவில் தொத்திறைச்சி, பட்டாணியில் தொத்திறைச்சியும் முட்டையும். ‘தோட்டத்து மீன்குஞ்சுகள்’ என்று பெயர்வைத்து பீன்ஸை மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவார்கள், பார்த்தால் நம் பஜ்ஜியேதான், ஆனால் மாவில் முட்டை சேர்ப்பதே பெரும்பாலும் வழக்கம். அத்தைக்கு மிஞ்சுவது காய்கறி சூப், ரொட்டி, ஆலிவ், அந்த முள்பூச் சீஸ். மூன்று நாளுக்கு மகிழ்ச்சியாகப் போகும், பத்து நாளுக்குப் போகாது.

மேடுபள்ளமும் ஒரு தடை. லிஸ்பன் குன்றுகளின் மேல் கட்டிய ஊர். நடைபாதையில் பதித்திருக்கும் சிறு வெள்ளைக் கற்கள் தேய்ந்து வழுவழுப்பாகி, மழை நாளில் சறுக்கும். போனமுறை நானே ஒரு இறக்கத்தில் சறுக்கி விழுந்து, மணிக்கட்டுச் சுளுக்கோடு ஊர் திரும்பினேன். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், சீஸ் கொண்டுவந்து வைப்பார்கள். அது இலவசம் இல்லை. தொட்டால் காசு, வேண்டாமென்றால் திருப்பி எடுத்துப்போகச் சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இனி ரோம். அத்தைக்குச் சீஸ் கிடையாது, முட்டை கிடையாது என்று தெரிந்த பிறகும் நான் ஏன் ரோமுக்கே திரும்பினேன் என்றால், ரோமின் வசந்தம் முழுக்கக் காயில் இருக்கிறது, அந்தக் காயைச் சமைப்பது ஆலிவ் எண்ணெயில். முதலாவது ஆர்ட்டிசோக். ரோமின் வகை உருண்டையாக, முள் இல்லாமல், கைப்பிடி அளவுக்கு இருக்கும். சந்தைக்காரர்கள் சிறு கத்தியால் வெளி இதழ்களைச் சுற்றிச் சுற்றிச் சீவி, கறுக்காமல் இருக்க எலுமிச்சைத் தண்ணீரில் போட்டுவைப்பார்கள். வாழைப்பூ ஆய்ந்த கைகளுக்கு அந்த வேலையைப் பார்த்ததும் புரியும். ரோமானிய முறை என்றால் பூண்டும், ஒருவகைக் காட்டுப் புதினாவும் உள்ளே அடைத்து, தலைகீழாகக் கவிழ்த்து, எண்ணெயும் தண்ணீரும் விட்டு மெதுவாக வேகவிடுவது. காம்புகூட வெண்ணெய்போல் ஆகிவிடும்.

இன்னொன்று யூத முறை. 1555-ல் போப் நான்காம் பவுல் ரோமின் யூதர்களை ஆற்றோரத்தில் சுவர் எழுப்பி அடைத்துவைத்தார். முன்னூறு வருடத்துக்கு மேல் நீடித்த அந்த நெருக்கடிக்குள்ளிருந்து வந்த சமையல் இது. மலிவான காய், எண்ணெய், உப்பு. மாவு தோய்ப்பதில்லை, முட்டை இல்லை. முழு ஆர்ட்டிசோக்கை ஒருமுறை பொரித்து, இதழ்களை விரித்து, மறுபடி பொரித்தால் செவ்வந்திப் பூப்போல மலர்ந்து வரும். வெளி இதழ் அப்பளமாக நொறுங்கும், நடுப்பகுதி மெத்தென்று இருக்கும். அத்தையின் தட்டில் இதை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தில் என் பெரிய ஆசை. ஊர்க்காரர்களே வரிசையில் நிற்கிற பண்டம், எந்த மாற்றமும் கேட்காமல், அப்படியே அவருக்கும். அதே தெருவில் யூத விதிப்படி நடக்கும் கடைகளில் பால் கடை, இறைச்சிக் கடை என்று இரண்டு வகை உண்டு. பால் கடைச் சமையலறைக்குள் இறைச்சி நுழையவே நுழையாது. மீனும் முட்டையும் சீஸும் இருக்கும், அவற்றை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். வெள்ளி இரவும் சனிக்கிழமையும் அவை மூடியிருக்கும்.

அடுத்தது விஞரோலா. ஆர்ட்டிசோக், ஃபாவா, பட்டாணி, லெட்டூஸ், வெங்காயத்தாள் எல்லாம் ஒன்றாக வேகும் கூட்டு. இந்தக் காய்களெல்லாம் சந்தையில் ஒரே நேரத்தில் இருக்கும் சில வாரங்களுக்கு மட்டுமே அது உண்டு. சில கடைகளில் குவாஞ்சாலே என்னும் பன்றிக் கன்னத்து இறைச்சி போடுவார்கள், கேட்டுத்தான் வாங்க வேண்டும். சிக்கோரிக் கீரையைப் பூண்டும் மிளகாய் வற்றலும் போட்டு வதக்கித் தருவது எந்தக் கடையிலும் கிடைக்கும். நம் வீட்டுப் பொரியலுக்கு அத்தனை பக்கம்.

பாஸ்தாவிலும் ரோமுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. காய்ந்த ஸ்பகெட்டி, ரிகதோனி எல்லாம் கோதுமையும் தண்ணீரும் மட்டும், முட்டை கிடையாது. சீஸ் போடாமல் தக்காளி, அல்லது பூண்டு, எண்ணெய், மிளகாய் போட்டுக் கேட்டால் பழைய கடைகள்கூட முகம் சுளிக்காது. புதிதாக உருட்டிய தொன்னரெல்லியில் முட்டை இருக்கும், அதை மட்டும் தவிர்க்க வேண்டும். பீட்சாவில் மரினாரா வகை தக்காளி, பூண்டு, ஒரிகானோவோடு முடிந்துவிடும், சீஸே கிடையாது. மகனுக்காக நான் நம்பியிருப்பது பீட்சா அல் தால்யோ. பெரிய தட்டுகளில் சுட்டு வைத்திருப்பதைக் காட்டினால், கத்தரிக்கோலால் வெட்டி, எடைபோட்டுத் தருவார்கள். கைவிரல் அளவுக்கு மட்டும் வாங்கிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் நஷ்டமில்லை. புதுச் சாப்பாட்டைக் கண்டு தயங்கும் பிள்ளைக்கு இந்த ஏற்பாடு பெரிய நிம்மதி.

கணவருக்காக நான் தெஸ்தாச்சோ பகுதியைத் தங்குமிடமாகப் பார்க்கிறேன். ரோமின் பழைய இறைச்சிக்கூடம் 1975 வரை அங்கேதான் இயங்கியது. நல்ல கறியெல்லாம் வசதியானவர்களுக்குப் போக, மிஞ்சிய குடல், வால், நாக்கு, கல்லீரலை வைத்துத் தொழிலாளிகள் உருவாக்கிய சமையலுக்கு ‘ஐந்தாம் கால்பங்கு’ என்று பெயர். தக்காளியில் மணிக்கணக்கில் வெந்த மாட்டுவால், புதினா போட்ட குடல். நம் ஊரில் குடலும் தலைக்கறியும் எந்த வீடுகளிலிருந்து வந்தனவோ, அதே மாதிரி வீடுகளிலிருந்து வந்தவை. அந்தப் பகுதி சமதரை, சந்தை ஒரே கூரையின்கீழ், மெட்ரோ நடக்கும் தூரத்தில். பக்கத்திலேயே பழைய ரோமானியர்கள் எண்ணெய்ச் சாடிகளை உடைத்துக் குவித்ததில் உண்டான ஒரு குன்று நிற்கிறது. உடைந்த பானைகளால் ஆன மலை என்றதும் மகன் அதற்காகவே ரோமுக்கு ஓட்டுப் போட்டுவிட்டான்.

பொலோன்யாவை முழுக்க விடவில்லை. ரோமிலிருந்து வேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஒருநாள் அதிகாலையில் மகளும் அவள் அப்பாவும் மட்டும் போய், மாவு உருட்டும் வகுப்பை முடித்துக்கொண்டு, மதியம் ரகூ சாப்பிட்டுவிட்டு இரவுக்குள் திரும்பிவிடுவார்கள். ஐந்து பேரும் எப்போதும் ஒன்றாகவே சுற்ற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

நேர வித்தியாசமும் முடிவைப் பாதித்தது. ஏப்ரலில் ரோம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், லிஸ்பன் நாலரை மணி நேரம். அங்கே இரவு 8 மணிக்கு உட்கார்ந்தால் உடம்புக்கு ரோமில் 11.30, லிஸ்பனில் நள்ளிரவு தாண்டி 12.30. ஏழு வயதுப் பிள்ளையும் அறுபத்தெட்டு வயதுப் பெரியவரும் முதல் நான்கு நாள் தட்டின்மேலேயே தூங்கிவிடுவார்கள். அதனால் பெரிய சாப்பாட்டை மதியம் ஒரு மணிக்கு வைத்துக்கொண்டு, இரவுக்கு வீட்டிலேயே ஏதாவது செய்துகொள்வதாகத் திட்டம்.

அதற்குச் சமையலறை உள்ள வீடாக எடுக்க வேண்டும். அத்தை இப்போதே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டதால் சுங்க விதியையும் சொல்லி வைத்தேன். வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் அதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பெருங்காயம், மிளகாய்ப் பொடி, சாம்பார்ப் பொடி போகலாம். சந்தையில் வாங்கிய ஆர்ட்டிசோக்கைக் கடுகு தாளித்து, தேங்காய் இல்லாமல் செய்துபார்க்கப் போவதாக அத்தை சொல்லியிருக்கிறார்.

விசா கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 45. மகளுக்கு 13 ஆகிவிட்டதால் அவளும் முழுக் கட்டணம்தான். எங்கள் ஐவருக்கும் 405 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதனாலும் ஊரை முதலில் முடிவு செய்துவிடுவது நல்லது.

தேதியை ஏப்ரல் 22-லிருந்து மே 2 வரை என்று வைத்திருக்கிறோம். 2027-ல் ஈஸ்டர் மார்ச் 28-லேயே வந்துவிடுவதால் அந்தக் கூட்டம் அதற்குள் கலைந்திருக்கும். மே 1 சனிக்கிழமை. அன்று பல கடைகள் மூடியிருக்கும், பேருந்துகளும் குறைந்த நேரமே ஓடும், ஆனாலும் அந்த ஒரு நாளுக்காகவே கடைசித் தேதியைத் தள்ளிவைத்தேன். மே முதல் நாள் ரோம்காரர்கள் பச்சை ஃபாவாவும் பெக்கொரினோவும் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் புல்வெளிக்குப் போவார்கள். உரித்த அவரையைப் பச்சையாகவே மென்று, கூடவே ஒரு துண்டுச் சீஸ். ஒரு எச்சரிக்கை: ஜி6பிடி என்னும் நொதி உடம்பில் குறைவாகப் பிறந்தவர்களுக்கு ஃபாவா ஆபத்து, இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். நம் நாட்டிலும் அந்தக் குறைபாடு பலருக்கு உண்டு என்பதால், போவதற்குமுன் எங்கள் ஐந்து பேருக்கும் இரத்தப் பரிசோதனை செய்யப்போகிறோம்.

நேற்று அத்தை அடுப்படியில் மொச்சை உரித்துக்கொண்டே கேட்டார், “அந்த அவரையை உள்தோலோட திம்பாங்களா, அதையும் பிதுக்கணுமா?” பிஞ்சாக இருந்தால் தோலோடு, முற்றிவிட்டால் நம் பிதுக்குப் பருப்பு மாதிரிதான் என்றேன். “அப்ப பிஞ்சா பார்த்து நானே பொறுக்கி வாங்கறேன், நீ சந்தைக்கு என்னைக் கூட்டிட்டுப் போ” என்றார்.